பிரிட்டன் மாணவர் விசா: வங்கிக் கணக்கில் பணம் காட்டும் முறை

பிரிட்டனில் படிக்கச் செல்லும் தமிழ்நாட்டு மாணவர்களுக்கு, தேவையான பணம் கையில் இருந்தும் விசா மறுக்கப்படுவதுண்டு. அந்தப் பணம் எந்த நாள் முதல் எந்த நாள் வரை, யார் பெயரில் இருந்தது என்பதில் ஏற்படும் பிசகே அதற்குக் காரணமாகிறது. ஆகவே, விண்ணப்பிப்பதற்கு இரண்டு மாதங்கள் முன்னதாகவே இந்த வேலையைத் தொடங்கிவிடுவது நல்லது.

முதலில் தொகையைக் கணக்கிட வேண்டும். பல்கலைக்கழகம் அனுப்பும் காஸ் (CAS) எனப்படும் சேர்க்கை உறுதி ஆவணத்தில் முதலாண்டுக் கட்டணமும் அதில் ஏற்கெனவே செலுத்திய தொகையும் குறிக்கப்பட்டிருக்கும். பாக்கிக் கட்டணத்துடன் ஒன்பது மாத வாழ்க்கைச் செலவைக் கூட்டினால் காட்ட வேண்டிய தொகை கிடைக்கும். 2025 நவம்பர் 11 முதல் அளிக்கப்படும் விண்ணப்பங்களுக்கு வாழ்க்கைச் செலவு லண்டனில் மாதம் 1,529 பவுண்டு, பிற இடங்களில் 1,171 பவுண்டு. லண்டனுக்கு வெளியே படிக்கப்போகும் ஒருவருக்கு 13,000 பவுண்டு கட்டணப் பாக்கி இருந்தால், 10,539 பவுண்டைச் சேர்த்து மொத்தம் 23,539 பவுண்டு காட்ட வேண்டும். ஓவாண்டா (OANDA) என்ற நாணய மாற்று இணையதளத்தின் விண்ணப்ப நாள் விகிதப்படியே ரூபாய் மதிப்பைப் பார்ப்பார்கள் என்பதால், சற்றுக் கூடுதலாகவே வைத்திருக்க வேண்டும்.

சேமிப்புக் கணக்கும், முதிர்வுக்கு முன்பே பணமாக்கக்கூடிய வைப்புத்தொகையும் ஏற்கப்படும். பங்குகள், வருங்கால வைப்பு நிதி, நிலப் பத்திரம், நகை மதிப்பீடு ஆகியவை ஏற்கப்படுவதில்லை.

மிகுந்த கவனம் தேவைப்படுவது 28 நாள் விதிக்குத்தான். முழுத் தொகையும் தொடர்ந்து 28 நாள்கள் கணக்கில் இருக்க வேண்டும்; இடையில் ஒரே ஒரு நாள் குறைந்தாலும் எண்ணிக்கையை மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். வங்கி அறிக்கையின் கடைசி இருப்பு ஜூலை 31 என்று வைத்துக்கொண்டால், ஜூலை 4 முதல் ஒவ்வொரு நாளும் இருப்பு அந்தத் தொகைக்குக் குறையாமல் இருந்திருக்க வேண்டும். அந்தக் கடைசி நாளிலிருந்து 31 நாள்களுக்குள் இணையவழியில் விசாக் கட்டணத்தைச் செலுத்திவிடவும் வேண்டும், ஏனெனில் கட்டணம் செலுத்தும் நாளே விண்ணப்ப நாளாகக் கொள்ளப்படுகிறது. விடுதி முன்பணம், விமானச் சீட்டு, விசாவுக்காகச் செலுத்தும் மருத்துவக் கூடுதல் கட்டணம் போன்ற செலவுகளுக்கு வேறொரு கணக்கை வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த 28 நாள்களுக்காக, வட்டிக்குப் பணம் போட்டு அறிக்கையும் தயார்செய்து தருவதாகச் சொல்லும் 'ஷோ மணி' தரகர்களை அண்டவே கூடாது. போலி ஆவணம் என்று தெரியவந்தால் விண்ணப்பம் மறுக்கப்படுவதோடு, பத்தாண்டுகள் வரை பிரிட்டனுக்குள் நுழைய முடியாத நிலையும் ஏற்படலாம். ஒரு பிள்ளையின் எதிர்காலத்தை அதற்குப் பணயம் வைக்க வேண்டாம்.

கணக்கு மாணவர் பெயரிலோ பெற்றோர் பெயரிலோ இருக்கலாம். பெரியப்பா, மாமா, அண்ணன் ஆகியோரின் கணக்கு, அவர்கள் எவ்வளவு மனமுவந்து உதவினாலும், செல்லாது. தந்தையின் கணக்கைக் காட்டினால், பணத்தைப் பயன்படுத்த அவர் இசைவதாகக் கையொப்பமிட்ட கடிதமும் மாணவரின் பிறப்புச் சான்றிதழும் தேவை. நம் ஊர்ப் பழைய சான்றிதழ்கள் பலவற்றில் குழந்தையின் பெயர்க் கட்டம் வெறுமையாகவே இருக்கும். அப்படியிருந்தால் பிறப்பைப் பதிவுசெய்த நகராட்சி அல்லது மாநகராட்சி அலுவலகத்தில் பெயரைச் சேர்த்துப் புதிய சான்றிதழ் வாங்கிவிட வேண்டும். தமிழில் மட்டுமே உள்ள சான்றிதழுடன் சான்றளிக்கப்பட்ட ஆங்கில மொழிபெயர்ப்பையும் இணைக்க வேண்டும்.

தலைப்பெழுத்தும் நமக்கே உரிய சிக்கல்தான். வங்கியில் 'எஸ். முருகேசன்', கடவுச்சீட்டில் 'முருகேசன் சுப்பையா', மகளின் பிறப்புச் சான்றிதழில் வெறும் 'முருகேசன்' என்றிருந்தால், மூவரும் ஒருவரே என்பது விசா அலுவலருக்குத் தானாக விளங்காது. வங்கிக் கிளையில் கடவுச்சீட்டைக் காட்டிப் பெயரைத் திருத்திக்கொண்டு, அதன்பின் அறிக்கை வாங்குவதே பாதுகாப்பான வழி.

கல்விக் கடன் பெறுவோருக்கு 28 நாள் விதி பொருந்தாது. ஆனால் கடன் மாணவர் பெயரில் இருக்க வேண்டும்; ஒப்புதல் கடிதம் விண்ணப்ப நாளுக்கு முந்தைய ஆறு மாதங்களுக்குள் தரப்பட்டதாகவும் இருக்க வேண்டும். விசா கிடைக்க வேண்டும் என்பதைத் தவிர, அடமானப் பத்திரம் பதிவான பின்னரே பணம் விடுவிக்கப்படும் என்பது போன்ற வேறு நிபந்தனைகள் அதில் இருந்தால், அவற்றை நிறைவேற்றி, நிபந்தனையற்ற புதிய கடிதத்தைக் கிளை மேலாளரிடம் பெற்ற பிறகே விசாக் கட்டணத்தைச் செலுத்துங்கள்.