கார் இன்சூரன்ஸ்: எதைக் குறைக்கலாம், எதில் கை வைக்கக் கூடாது

கார் இன்சூரன்ஸில் காசு மிச்சம் பிடிக்க நினைப்பவர்கள் பலர் தலைகீழாகத்தான் கணக்குப் போடுகிறார்கள். பம்பரில் விழும் கீறலுக்குக்கூட க்ளெய்ம் வர வேண்டும் என்று பார்த்துப் பார்த்து பாலிசி எடுக்கிறார்கள். நம் கார் இன்னொருவர் மேல் மோதினால் கட்ட வேண்டிய இழப்பீட்டுக்கு மட்டும் சட்டம் கேட்கிற குறைந்தபட்சம் போதும் என்று விட்டுவிடுகிறார்கள். கீறலைக் கைக்காசில் சரிசெய்துவிடலாம். ஒருவர் எழுந்து நடக்க முடியாமல் போனதற்கான இழப்பீட்டை யாரால் கைக்காசில் கட்ட முடியும்?

முதலில் பார்க்க வேண்டியது இந்தத் தேர்டு பார்ட்டி வரம்பைத்தான், அதாவது அடுத்தவருக்கான இழப்பீட்டில் கம்பெனி அதிகபட்சம் எவ்வளவு கட்டும் என்பதைத்தான். நாட்டுக்கு நாடு இது மாறும். இந்தியாவில் அடுத்தவருக்கு ஏற்படும் உயிரிழப்புக்கும் காயத்துக்கும் உச்சவரம்பு கிடையாது. அவருடைய சொத்துக்கு ஏற்படும் சேதத்துக்கு, சொந்த உபயோகக் கார் என்றால் 7.5 லட்சம் ரூபாய் வரைதான். அமெரிக்க மாநிலங்களில் காயத்துக்கும் வரம்பு உண்டு. கலிஃபோர்னியாவில் காயம்பட்ட ஒருவருக்கான சட்டபூர்வக் குறைந்தபட்சம் பல பத்தாண்டுகளாக 15,000 டாலராகவே இருந்தது. 2025 ஜனவரி 1 முதல்தான் 30,000 ஆனது. அங்கே ஆகும் மருத்துவச் செலவுக்கு இது எந்த மூலைக்கு? வரம்பை உயர்த்திக்கொள்ள வழியிருக்கும் இடத்தில் அதற்காகக் கூடுதலாகக் கட்டும் பிரீமியத்தைத் தண்டச் செலவாக நினைக்காதீர்கள்.

அப்படியானால் மிச்சம் எங்கே பிடிப்பது? ஒவ்வொரு க்ளெய்மிலும் நாம் கையிலிருந்து போடும் பங்கை, அதாவது டிடக்டிபிளை, உயர்த்துவது ஒரு வழி. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு உயர்த்தக் கூடாது. அதை 20,000 கூட்டினால் பிரீமியத்தில் வருஷத்துக்கு 1,500 குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். 20,000-ஐ 1,500-ஆல் வகுத்தால் பதிமூன்று சொச்சம். பதிமூன்று வருஷத்துக்கு ஒரு முறைக்கும் குறைவாகத்தான் க்ளெய்ம் செய்வீர்கள் என்றால் மட்டுமே லாபம். அதே 20,000-க்கு வருஷம் 5,000 குறைந்தால் நான்கே வருஷத்தில் ஈடாகிவிடும். எப்படியானாலும் அந்தத் தொகையை நாளைக்கே எடுத்து வைக்க முடியுமா என்று பாருங்கள். முடியாதென்றால் விபத்துக்குப் பிறகு கார் ஷெட்டிலேயே நிற்கும்.

சின்னச் சேதத்துக்கெல்லாம் க்ளெய்ம் போடுவதும் பலர் கவனிக்காத நஷ்டம். இந்தியாவில் க்ளெய்ம் இல்லாத வருஷங்களுக்கு நோ க்ளெய்ம் போனஸ், அதாவது நம் காரின் சேதத்துக்கான பிரீமியத்தில் தரும் சலுகை, 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று ஏறும். ஐம்பதில் இருக்கிறவர் ஒரு க்ளெய்ம் போட்டால் அடுத்த ரின்யூவலில் பூஜ்யம். மறுபடி படிப்படியாக ஏறி ஐம்பதுக்கு வருவதற்குள் அவர் இழக்கும் சலுகை 50, 30, 25, 15, 5. கூட்டினால் 125 சதவீதம். நம் காரின் சேதத்துக்கான பிரீமியம், சலுகைக்கு முன் 10,000 ரூபாய் என்றால், இழப்பு 12,500. ரிப்பேர் பில் 8,000 என்றால் பேசாமல் கைக்காசைக் கட்டிவிடுவதே மேல். இந்த போனஸ் காருக்கல்ல, உரிமையாளருக்கு உரியது. பழைய காரை விற்றுவிட்டுப் புதிது வாங்கும்போது இதைக் கேட்டு வாங்காமல் விடுகிறவர்களும் இருக்கிறார்கள்!

பாலிசியில் காரின் மதிப்பைக் குறைத்துப் போட்டு பிரீமியத்தைக் குறைப்பதும் ஏமாற்று மிச்சம்தான். தேர்டு பார்ட்டி பகுதி அதனால் குறையாது, மற்றதில்தான் கொஞ்சம் குறையும். கார் திருடு போனால் கிடைப்பதோ அந்தக் குறைந்த மதிப்புதான். அதற்குப் பதில், கார் நன்றாகப் பழசாகி அதன் மொத்த மதிப்பே சொற்பம் என்றாகிவிட்டால், நம் காரின் சேதத்துக்கான பகுதியையே விட்டுவிடலாமா என்று யோசிப்பதில் நியாயம் இருக்கிறது. கார் மேல் கடன் இருந்தால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை, வங்கி விடாது.

பொய் சொல்லிக் குறைப்பது எல்லாவற்றையும்விட மோசம். தினமும் மகன் ஓட்டுகிற காருக்கு அப்பாவை முக்கிய ஓட்டுநராகக் காட்டுவது, வாடகைக்கு ஓடும் காரை சொந்த உபயோகம் என்பது, பிறகு பொருத்திய கேஸ் கிட்டைச் சொல்லாமல் விடுவது. பிரீமியம் வாங்கும்போது யாரும் துருவிக் கேட்க மாட்டார்கள். பெரிய க்ளெய்ம் வரும்போதுதான் ஃபைலைப் புரட்டுவார்கள். அப்போது கட்டிய பிரீமியம் எல்லாம் வீண்.

கூடுதல் சேர்க்கைகளில் கண்டதையெல்லாம் டிக் செய்யாதீர்கள். வழியில் நின்றால் வந்து உதவும் சேவை கார் கம்பெனி வாரன்டியிலேயே இருக்கலாம். தண்ணீர் தேங்கும் இடத்தில் காரை நிறுத்துகிறவர் எஞ்சின் பாதுகாப்பை விட்டுவிடுவதுதான் தவறு. தண்ணீரில் நின்ற காரை ஸ்டார்ட் செய்து எஞ்சினுக்குள் நீர் புகுந்தால், சாதாரண பாலிசியில் அந்தச் செலவு பெரும்பாலும் கிடைக்காது.

ரின்யூவலுக்கு வந்த தொகையை அப்படியே கட்டிவிடாமல் நான்கு இடத்தில் விலை கேளுங்கள். பழைய வாடிக்கையாளரிடம் புதியவரைவிடக் கூடுதலாக வாங்கும் வழக்கத்தை பிரிட்டன் 2022 ஜனவரி 1 முதல் தடை செய்தது என்றால், அது எவ்வளவு பரவியிருந்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒப்பிடும்போது மதிப்பு, டிடக்டிபிள், வரம்பு மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மலிவாகத் தெரிவது குறைவான பாலிசியாகவே இருக்கும். மாதத் தவணையில் கட்டினால் வட்டி சேர்கிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கம்பெனி மாறும்போது புதிய பாலிசி தொடங்கும் நாளையும் பழையது முடியும் நாளையும் ஒரு முறைக்கு இரு முறை சரிபாருங்கள். இடையில் ஒரு நாள் விழுந்தாலும் அன்று நடக்கும் விபத்துக்கு இரண்டு கம்பெனியும் பொறுப்பில்லை. இந்தியாவில் அந்த இடைவெளி 90 நாளைத் தாண்டினால் சேர்த்து வைத்த போனஸும் போய்விடும்.