டேப்பும் பிளானும் எடுத்துக்கொண்டு வீடு பார்க்கப் போங்கள்

மடிப்பாக்கத்தில் நாங்கள் விலை பேசிய வீட்டுக்கு மூன்று தளம். மாநகராட்சி முத்திரை போட்ட பிளானில் இரண்டுதான் இருந்தது.

அரை கிரவுண்ட் மனை, 1200 சதுர அடி. 2013-இல் தரைத்தளமும் முதல் மாடியும் அனுமதி வாங்கி முறையாகக் கட்டியிருக்கிறார்கள். 2018-இல் மகன் கல்யாணத்துக்காக மொட்டை மாடியில் ஓர் அறை, ஒரு சின்ன ஹால், கூடவே கீழே பக்கவாட்டுச் சந்தில் ஒரு பாத்ரூம். இவற்றுக்கு அனுமதி இல்லை. புரோக்கர் அசரவே இல்லை. "வரி ரசீது இருக்கு, ஈபி கார்டு இருக்கு, வேற என்ன மேடம் வேணும்? ஏரியாவுல எல்லாரும் இப்படித்தான் கட்டியிருக்காங்க" என்றார். நான் முப்பது வருஷம் கணக்கு டீச்சராக இருந்தவள். 'எல்லாரும்' என்ற விடைக்கு நான் மார்க் போட்டதில்லை.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். சொத்து வரி ரசீது என்பது வரி கட்டியதற்கான ரசீது, அவ்வளவுதான். அனுமதி இல்லாத தளத்துக்கும் மாநகராட்சி வரி போடும். அதனால் அந்தத் தளம் சட்டப்படி சரியாகிவிடாது. மின் இணைப்பும் அப்படியே. வில்லங்கச் சான்று நிலத்தின் மேல் நடந்த பத்திரப் பதிவுகளைக் காட்டும். மொட்டை மாடியில் யார் என்ன கட்டினார்கள் என்பது அதில் வராது. ஆக, பட்டா, மூலப்பத்திரம், வில்லங்கம் மூன்றும் பளிச்சென்று இருக்கும் வீட்டிலும் ஒரு மாடி முழுக்க அனுமதி இல்லாமல் நிற்கலாம்.

அதனால் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே அனுமதிக் கடிதத்தையும் பிளானையும் கேளுங்கள். எங்களுக்கு முதலில் ஒரு ஜெராக்ஸ் வந்தது. ஓரத்தில் அனுமதி எண் இருக்க வேண்டிய இடம் வெட்டுப்பட்டிருந்தது. எண், தேதி, முத்திரை மூன்றும் தெரிகிற பிரதிதான் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றேன், ஒரு வாரத்தில் வந்தது. விற்பவர் தொலைந்துவிட்டது என்றால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி மனு போடலாம். பதிலுக்கு 30 நாள் கெடு. சின்ன வீடு என்றால் மாநகராட்சி மண்டல அலுவலகம், பெரிய கட்டடம் என்றால் சிஎம்டிஏ, அதாவது சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்.

மடிப்பாக்கம், வளசரவாக்கம், அம்பத்தூர் போல 2011-இல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்த பகுதிகளில் கூடுதலாக ஒரு சங்கடம் உண்டு. பழைய வீடுகளுக்கு 'பஞ்சாயத்து அப்ரூவல்' என்று ஒரு தாளை நீட்டுவார்கள். தலைவர் கையெழுத்து மட்டும் இருந்தால் நம்பிவிடாதீர்கள். அந்தக் கட்டடத்துக்கு அனுமதி தர அந்த உள்ளாட்சிக்கு அதிகாரம் இருந்ததா என்று வக்கீலிடம் காட்டிக் கேளுங்கள்.

பிளான் கைக்கு வந்த ஞாயிற்றுக்கிழமை நானும் என் தம்பியும் டேப்போடு போனோம். "அக்கா, விக்கிறவங்க முன்னாடி அளக்கணுமா?" என்று அவனுக்குக் கூச்சம். அளந்தோம். ஒவ்வோர் அறையின் நீள அகலம், படிக்கட்டு எந்தப் பக்கம், காம்பவுண்டுக்கும் சுவருக்கும் நடுவே எவ்வளவு இடம். ஒன்றரை மணி நேர வேலை. பிளானில் இல்லாததை எல்லாம் சிவப்பு பேனாவில் வட்டம் போட்டேன். அடுக்குமாடி என்றால் நீங்கள் பார்க்க வேண்டியவை வேறு: சுவர் வைத்து அறையாக மாற்றிய பால்கனி, மொட்டை மாடியில் போட்ட ஷீட், ஸ்டில்ட் பார்க்கிங்கை (கீழே தூண்களுக்கு நடுவே வண்டி நிறுத்த விட்ட இடம்) அடைத்துக் கட்டிய அறை. மொட்டை மாடியும் பார்க்கிங்கும் பொது இடம். அங்கே கட்டிய அறையை 'உங்களுக்குத்தான் சார்' என்று ஒருவர் வாய்மொழியாக விற்றால், இல்லாததை விற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வட்டம் போட்டவை எல்லாம் ஒரே ரகம் இல்லை. தரையில் டைல்ஸ் மாற்றியது, பெயின்ட், பூச்சு, ஜன்னல் மாற்றியது இதற்கெல்லாம் யாரும் அனுமதி கேட்பதில்லை, விட்டுவிடுங்கள். மீதி இருப்பதில் எதைத் திருத்திய பிளான் போட்டு அனுமதிக்குள் கொண்டுவர முடியும், எதை இடித்தே ஆக வேண்டும் என்று பிரிக்க வேண்டும். பேரம் முழுக்க இந்தப் பிரிவினையில்தான் இருக்கிறது.

எங்கள் வீட்டுக் கணக்கு இது. மனைப் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்று சொல்லும் தளப்பரப்புக் குறியீடு, அதாவது எஃப்எஸ்ஐ, 2013-இல் 1.5. ஆகவே 1200 அடி மனையில் 1800 அடி கட்டலாம். கட்டியது 1700. மேலே சேர்த்த 400-ஐயும் கூட்டினால் 2100, அன்றைய வரம்பைத் தாண்டிவிட்டது. ஆனால் 2019-இல் வந்த ஒருங்கிணைந்த கட்டட விதிகள் சாதாரணக் கட்டடங்களுக்கு எஃப்எஸ்ஐ-யை 2 ஆக்கின. இன்றைய வரம்பு 2400. ஆக, பரப்பளவைப் பொறுத்தவரை மாடி அறைக்கு வழி இருக்கிறது. பரப்பு மட்டும் போதாது. சுற்றி விட வேண்டிய இடம் மனையின் அகலத்தையும் கட்டடத்தின் உயரத்தையும் பொறுத்து மாறும், அதை இன்ஜினியர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். கீழே இருந்த பாத்ரூமோ காம்பவுண்டு சுவரிலேயே சாய்ந்து நின்றது. அதற்கு எந்தக் கணக்கும் உதவாது.

'ரெகுலரைஸ் ஸ்கீம் வரும், அப்ப பணம் கட்டிக்கலாம்' என்றும் ஒருவர் சொன்னார். நகர், ஊரமைப்புச் சட்டத்தில் ஒருமுறை 1999 பிப்ரவரி 28 வரை கட்டியவற்றுக்கு வரன்முறை வந்தது. பிறகு 113-சி பிரிவு வந்தது, அது 2007 ஜூலை 1 அன்றோ அதற்கு முன்போ கட்டியவற்றுக்கு. 2018-இல் கட்டிய அறை இரண்டிலும் அடங்காது. இனி வரப்போகும் ஸ்கீமை நம்பி ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

அனுமதி கிடைக்குமா என்பதோடு, நிற்குமா என்பதையும் கேட்க வேண்டும். பத்தடி நீளம், பத்தடி உயரம், ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் ஒன்று சுமார் நாலு டன் எடை. இரண்டு தளத்துக்குப் போட்ட அஸ்திவாரத்தின் மேல் அப்படி எத்தனை சுவர்? எங்கள் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் முதல் மாடிக் கூரையை அண்ணாந்து பார்த்தபடி நடந்து, ஓர் இடத்தில் நின்றார். மேலே சுவர் ஓடுகிறது, அதற்குக் கீழே பீம் இல்லை. அவருக்குக் கொடுத்த கட்டணத்தை நான் செலவாகவே நினைக்கவில்லை.

விலை பேசும்போது, வங்கியின் மதிப்பீட்டாளர் 1700 அடியைத்தான் கணக்கில் எடுத்தார். அதையே நான் விற்பவரிடம் வைத்தேன். 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றமும், அனுமதிப்படி கட்டி முடித்ததற்குத் தரும் நிறைவுச் சான்றைச் சரிபார்த்த பிறகே வங்கிகள் கடன் தர வேண்டும் என்று சொல்லிவிட்டது. (சின்ன வீடுகளில் ஒரு வரம்பு வரை தமிழ்நாட்டு விதிகள் நிறைவுச் சான்று கேட்பதில்லை. எந்த வரம்பில் உங்கள் வீடு வருகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.) மாடி அறைக்கு ஒரு பைசாகூட இல்லை, பாத்ரூமைப் பத்திரப் பதிவுக்கு முன்பு அவர் செலவில் இடிக்க வேண்டும் என்று விற்பனை ஒப்பந்தத்திலேயே எழுதினோம். பத்திரத்தில் கட்டடப் பரப்பைக் குறைத்துக் காட்டலாம் என்ற யோசனையும் வந்தது. வேண்டாம், பதிவுத்துறைக் கள ஆய்வில் மாட்டும்.

நீங்களே ஏற்கெனவே கட்டிவிட்டவர் என்றால், முதலில் வேலையை நிறுத்துங்கள். பதிவுபெற்ற இன்ஜினியரை வைத்து, இப்போது நிற்பதை அப்படியே வரையச் சொல்லுங்கள். விதிக்குள் வருவதற்குத் திருத்திய பிளான் போடுங்கள், வராததை நீங்களே இடித்துவிடுங்கள். நாளைக்கு லாக் அண்ட் சீல் என்று, பூட்டி முத்திரை வைக்க ஆட்கள் வந்து நிற்பதைவிட அது மலிவு. நகர், ஊரமைப்புச் சட்டத்தின் 56, 57 பிரிவுகளில் நோட்டீஸ் வந்துவிட்டால் அதை டிராயரில் போட்டு மூடாதீர்கள். கெடுவுக்குள் எழுத்தில் பதில் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கி வையுங்கள். அரசிடம் மேல்முறையீடு செய்ய அதே சட்டத்தில் 80-ஏ பிரிவு இருக்கிறது. 'நான் பேசி முடிச்சுடறேன்' என்று வருகிறவர் எதையும் முடிக்க மாட்டார், மாதாமாதம் வருவார்.

புதிதாகக் கட்டுகிறவர்களுக்கு இப்போது சாக்கே இல்லை. 2024 ஜூலை முதல், 2500 சதுர அடி வரையுள்ள மனையில் 3500 அடி வரை தரைத்தளமும் ஒரு மாடியும் கொண்ட வீட்டுக்குச் சுயசான்று முறையில் ஆன்லைனில் உடனடி அனுமதி கிடைக்கிறது.

நாங்கள் அந்த வீட்டை வாங்கினோம். பீம் இல்லாத சுவரை எடுத்துவிட்டு மாடி அறைக்குத் திருத்திய பிளான் போட்டிருக்கிறோம், இன்னும் வரவில்லை. அதுவரை அந்த அறையில் மடக்குக் கட்டில்கூட இல்லை. கீழே பாத்ரூமை இடித்த அன்று நான் பக்கத்தில் நின்றேன். தரையைப் பெயர்த்த மேஸ்திரி, "அம்மா, இங்க வந்து பாருங்க" என்று கூப்பிட்டார். வீட்டு மொத்தக் கழிவுநீரும் போகிற சேம்பரின் மூடிக்கு மேலேயே கான்கிரீட் போட்டு டைல்ஸ் ஒட்டியிருந்தார்கள். அடைத்துக்கொண்டால் திறக்க வழியே இல்லை. சமையலறை சிங்கில் தண்ணீர் ஏன் அவ்வளவு மெதுவாக இறங்கியது என்று அப்போதுதான் புரிந்தது.