உள்ளரங்க ரேஞ்சில் ஷாட் டைமர் தவறாக எண்ணும்போது

"சார், அஞ்சு ஷாட் சுட்டேன், எட்டுன்னு காட்டுது" என்று பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் சொல்வதும், ஓசையைக் கேட்டு ஷாட்களை எண்ணும் அதே டைமர் மறுநாள் சுட்டதில் பாதியைப் பதிவே செய்யாமல் விடுவதும் உள்ளரங்கத் துப்பாக்கி சுடும் ரேஞ்ச் நடத்துகிறவர்களுக்குப் பழகிப்போன சங்கதிகள். ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் 10 மீட்டர் ஏர் பிஸ்டல், ஏர் ரைபிள் பயிற்சிக்கு வாடகைக்குக் கிடைக்கும் இடம் பெரும்பாலும் தகர ஷீட் போட்ட கொட்டகையாகவோ, கிரானைட் தளமும் சிமெண்டுப் பூச்சுச் சுவரும் கொண்ட கூடமாகவோதான் இருக்கிறது. ஒலியை உறிஞ்சிக்கொள்ள அங்கே எதுவும் இல்லாததால், திறந்தவெளியில் ஒழுங்காக வேலை செய்த டைமர் உள்ளே வந்ததும் தடுமாறுகிறது. கருவி கெட்டுவிட்டது என்று முடிவு கட்டிப் புதிதாக வாங்கக் கிளம்புவதற்கு முன், அது காட்டும் எண்களை நிதானமாகப் படித்துப் பாருங்கள். பிழை எங்கிருந்து வருகிறது என்பதைப் பெரும்பாலும் அந்த எண்களே சொல்லிவிடும்.

டைமர் வேலை செய்யும் விதம் எளிமையானது. தொடக்க பீப் ஒலித்ததும் நேரத்தை எண்ணத் தொடங்கி, நீங்கள் வைத்திருக்கும் அளவைத் தாண்டிய திடீர் ஓசை எது மைக்கில் விழுந்தாலும் அதை ஒரு ஷாட் என்று எடுத்துக்கொண்டு, நொடியில் நூறில் ஒரு பங்கு வரை குறித்துவைக்கும். அந்த ஓசை உங்கள் பிஸ்டலிலிருந்து வந்ததா, பக்கத்து லேனிலிருந்து (சுடும் தடத்திலிருந்து) வந்ததா, சுவரில் பட்டுத் திரும்பியதா என்று பிரித்தறிய அதற்கு வழியில்லை. இதை ஈடுகட்டவே இரண்டு அமைப்புகள் உள்ளன. எவ்வளவு பலமான ஓசையைக் கணக்கில் எடுக்க வேண்டும் என்பதைச் சென்சிட்டிவிட்டி தீர்மானிக்கிறது. ஒரு ஷாட் பதிவானபின் எவ்வளவு நேரம் வேறெதையும் கேட்காமல் இருக்க வேண்டும் என்பதை எதிரொலித் தடுப்பு தீர்மானிக்கிறது. இரண்டாவதை எல்லா மாடல்களிலும் நாமே மாற்ற முடியாது.

சோதனையைத் தொடங்கும் முன் ரேஞ்சில் உள்ள துப்பாக்கிகளில் பெல்லட் (குண்டு) இல்லை என்பதை உறுதிசெய்து, குழலில் குண்டில்லை என்று காட்டும் பாதுகாப்புக் கொடியைச் செருகி, குழல் இலக்கின் பக்கம் பார்க்கும்படி மேசையில் வைத்துவிட்டு எல்லோரும் பின்னால் வந்துவிட வேண்டும். கையில் பிஸ்டலை வைத்துக்கொண்டே மற்றொரு கையால் டைமர் பட்டனை நோண்டுவதை எந்தக் காரணத்துக்காகவும் அனுமதிக்கக் கூடாது. முதற்கட்டச் சோதனைக்குத் துப்பாக்கியே தேவையில்லை: முழ நீளமுள்ள இரண்டு மரப்பலகைகளை ஒன்றோடொன்று அடித்தால் எழும் கூர்மையான ஓசை போதும். சில மாடல்களில் எண் கூடக்கூடச் சென்சிட்டிவிட்டி கூடும், வேறு சிலவற்றில் குறையும் என்பதால், உங்களுடையது எந்த வகை என்பதையும் இந்தப் பலகைச் சத்தத்தைக் கொண்டே முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

அதன்பின் ஒருவரை மட்டும் ஐந்து ஷாட் சுடச் சொல்லி, டைமரை ரிவ்யூவில் (பதிவுகளைத் திரும்பக் காட்டும் நிலையில்) போட்டு, ஒவ்வொரு பதிவின் நேரத்தையும் அதற்கு முந்தைய பதிவிலிருந்து உள்ள இடைவெளியையும் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஏர் பிஸ்டலில் ஒவ்வொரு முறையும் பெல்லட்டைக் கையால் வைத்துச் சுடுவதால், இரண்டு ஷாட்களுக்கு நடுவே சில நொடிகளாவது ஆகியே தீரும். ஒரு நொடிக்கும் குறைவான இடைவெளி எதுவானாலும் அது பொய்ப் பதிவுதான். அந்தப் பொய்ப் பதிவு எந்த எண்ணில் வருகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

நம் ஊர்க் கோடை வெப்பத்தில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 350 மீட்டர் வேகத்தில் செல்கிறது. சுடுபவருக்கு 3 மீட்டர் பின்னால் சுவர் இருந்தால், ஓசை போய்த் திரும்பும் 6 மீட்டருக்கு 0.02 நொடிக்குச் சற்றுக் குறைவாக ஆகும். 10 மீட்டர் தள்ளியுள்ள இலக்குச் சுவர் வரை போய்த் திரும்ப 0.06 நொடிக்குச் சற்றுக் குறைவாக ஆகும். ஆகவே 0.02, 0.03, 0.06 போன்ற இடைவெளிகள் ஷாட் தோறும் மாறாமல் வந்தால் அது எதிரொலி. இடைவெளி 0.09 அல்லது 0.10 என்று வந்தால் சங்கதி வேறு: ஏர் பிஸ்டலின் பெல்லட் நொடிக்கு 150 மீட்டர் அளவில் கிளம்பி, 10 மீட்டரைக் கடக்க 0.07 நொடி எடுத்துக்கொண்டு, இலக்குக்குப் பின்னுள்ள இரும்புப் பெட்டியில் 'டங்' என்று மோத, அந்தச் சத்தம் திரும்பி வர இன்னும் 0.03 நொடி ஆகிறது. இதைப் பலர் எதிரொலி என்றே எண்ணிச் சுவருக்குத் துணி கட்டிக்கொண்டிருப்பார்கள். பெட்டிக்குள் தகட்டின் மேல் தடித்த ரப்பர் விரிப்பையோ, பெல்லட் புதையும் களிமண் போன்ற பட்டியையோ வைத்தால் அந்த 'டங்' அடங்கிவிடும்.

எண்களில் எந்த ஒழுங்கும் இல்லாமல் 0.4, 2.1, 0.9 என்று கலைந்து வந்தால் அது பக்கத்து லேன். இரண்டு உண்மையான ஷாட்களுக்கு நடுவே, சுடுவதற்குச் சில நொடிகள் முன்பாக ஒரு பதிவு தவறாமல் வந்தால், அது பெரும்பாலும் பிஸ்டலின் லோடிங் லீவரை மூடும் 'கிளிக்' அல்லது பிஸ்டலை மேசையில் வைக்கும் தட்டல். பீப் ஒலித்து 0.15 நொடிக்குள்ளேயே முதல் ஷாட் என்று காட்டினால், மனிதனால் அவ்வளவு விரைவில் டிரிகரை இழுக்க முடியாது. டைமர் தன் பீப்பின் எதிரொலியைத் தானே கேட்டிருக்கிறது. பார் டைம் (சுட்டு முடிக்க நாமே வைக்கும் நேர வரம்பு) வைத்துப் பயிற்சி செய்யும்போது, அந்த நேரம் முடிந்து ஒலிக்கும் பீப்பை ஒட்டி வரும் பதிவும் இதே வகைதான். ஓசூரில் சிப்காட்டை ஒட்டிய கட்டடமாக இருந்தால், அடுத்த சுவருக்கு அப்பால் பவர் பிரஸ் (தகடு அடிக்கும் இயந்திரம்) ஓடுகிறதா என்றும் பார்க்க வேண்டும்; அது இடிக்கும் தாளத்துக்கு ஏற்பச் சீரான இடைவெளியில் ஷாட்கள் பதிவாகிக்கொண்டே இருக்கும். தகரக் கூரையில் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் எந்த அமைப்பும் உதவாது, டைமரை அணைத்து வைப்பதுதான் வழி.

சென்சிட்டிவிட்டியைக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்றி இறக்காமல், இரண்டு எல்லைகளைக் கண்டுபிடித்து வைக்க வேண்டும். முதலில் உங்கள் லேனில் ஐந்து ஷாட் சுட்டு, ஐந்தும் பதிவாகும் மிகக் குறைந்த சென்சிட்டிவிட்டி எது என்று பாருங்கள். பிறகு நீங்கள் சுடாமல், பக்கத்து லேனில் ஐந்து ஷாட் சுடச் செய்து, ஒன்றுகூடப் பதிவாகாத மிக உயர்ந்த அளவு எது என்று பாருங்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் வைத்தால் வேலை முடிந்தது. முதல் எல்லை இரண்டாவதைவிட உயரத்தில் நின்றுவிட்டால், அதாவது உங்கள் ஷாட் பதிவாகும் அளவில் பக்கத்து ஷாட்டும் பதிவானால், மேற்கொண்டு எண்ணை மாற்றிக்கொண்டிருப்பது வீண். டைமர் இருக்கும் இடத்தைத்தான் மாற்ற வேண்டும்.

டைமரை மேசையில் வைப்பது வசதிதான், ஆனால் மேசையின் அதிர்வெல்லாம் அதற்குள் ஏறும். சிறிய டிரைபாடிலோ, தனி ஸ்டாண்டிலோ, சுடுகோட்டுக்குச் சற்றுப் பின்னால், துப்பாக்கி பிடிக்கும் கையின் பக்கமாக, ஓரடி முதல் மூன்றடிக்குள் வைப்பது நல்லது. தூரம் பாதியானால் ஓசையின் அழுத்தம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பதால், நெருக்கி வைப்பது பெரும்பாலும் சென்சிட்டிவிட்டியைக் கூட்டுவதைவிடப் பயன் தரும். மைக் துளை பக்கத்து லேனைப் பார்க்காமல், இடையே ஒரு தெர்மாகோல் தட்டியோ, சாக்கு கட்டிய சட்டமோ நிற்கும்படி செய்யுங்கள். மின்விசிறிக் காற்று மைக் துளையில் நேராக அடித்தாலும் பொய்ப் பதிவு வரும். சித்திரை, வைகாசியில் பெடஸ்டல் ஃபேனைத் திருப்பி வைத்ததும் தானாகக் குணமான டைமர்கள் உண்டு.

எதிரொலித் தடுப்பை மாற்ற முடிந்த மாடலில், ஏர் பிஸ்டலுக்கும் ஏர் ரைபிளுக்கும் அரை நொடி வரை தாராளமாக வைக்கலாம். 25 மீட்டர் ரேபிட் ஃபயர் பிஸ்டலில் 8, 6, 4 நொடிகளில் ஐந்து இலக்குகளுக்கு ஐந்து ஷாட் சுட வேண்டும். நான்கு நொடிச் சுற்றிலும்கூட ஒவ்வோர் இலக்குக்கும் கை நகர வேண்டியிருப்பதால் 0.2 நொடி வைத்தால் உண்மை ஷாட் எதுவும் தவறாது.

பதிவாகாமல் போகும் ஷாட்களுக்குக் காரணம் பெரும்பாலும் அழுக்கு. மைக் துளை குண்டூசித் தலை அளவுதான் இருக்கும். அதன்மேல் விரல் பிசுக்கும் தூசியும் சேர்ந்து சாம்பல் நிறத்தில் ஒரு மெல்லிய படலமாக அடைத்துக்கொள்ளும். வாயால் ஊதக் கூடாது, ஏனென்றால் பெல்லட் ஈயத்தால் ஆனது, ரேஞ்ச் தூசியிலும் ஈயம் இருக்கும். ஊசியால் குத்தினால் உள்ளிருக்கும் மைக்கின் மெல்லிய சவ்வு கிழிந்துவிடும். துளையைக் கீழ்நோக்கிப் பிடித்துக்கொண்டு, பழைய மென்மையான டூத்பிரஷ்ஷால் மெதுவாகத் தட்டியெடுத்து, பிறகு சோப்புப் போட்டுக் கையைக் கழுவுங்கள். இடுப்பு பெல்ட்டில் மாட்டிச் சட்டையை மேலே இழுத்துவிட்டாலும் ஓசை மங்கிப்போகும். ஒருவருடைய பிஸ்டல் மட்டும் பதிவாகவில்லை என்றால், அந்தத் துப்பாக்கியின் ஓசை மற்றவற்றைவிடக் குறைவு என்று பொருள். அவருக்கு மட்டும் டைமரை நெருக்கி வைத்தால் சரியாகிவிடும்.

பேட்டரியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 9 வோல்ட் பேட்டரி போடும் மாடலில் மல்டிமீட்டர் 7.5 வோல்ட்டுக்குக் கீழே காட்டினால் மாற்றிவிடுங்கள். திரை ஒளிர்வதாலேயே பேட்டரி நன்றாக இருக்கிறது என்று ஆகாது, பீப் மெலிவதும் பீப் அடிக்கும்போது கருவி அணைந்து எழுவதும் பேட்டரி தீர்வதன் அடையாளங்கள். உச்சிவெயிலில் தகரக் கூரையின் கீழோ, காருக்குள்ளோ விட்ட டைமரின் திரை முழுக்கக் கறுத்திருந்தால், நிழலில் வைத்து ஆறவிட்டபின் பாருங்கள். சூடு இறங்கியதும் பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.

மொபைல் ஆப்பை டைமராகப் பயன்படுத்துகிறவர்களுக்கு வேறு சிக்கல்கள் வரும். மொபைலின் மைக் மனிதக் குரலுக்காக அமைந்தது. திடீர்ச் சத்தத்தை இரைச்சல் என்று கருதித் தானாகவே அமுக்கிவிடும் வசதி பலவற்றில் இருப்பதால், சில ஷாட்கள் காணாமல் போகும். பீப் நன்றாகக் கேட்கட்டும் என்று ப்ளூடூத் ஸ்பீக்கரை இணைத்தால், ஒலி அங்கே போய்ச் சேர 0.1 முதல் 0.3 நொடி வரை தாமதமாகி, நீங்கள் உண்மையில் எடுத்ததைவிட அதிக நேரம் பதிவாகும். ஸ்பீக்கர் வேண்டுமென்றால் வயர் போட்டு இணையுங்கள், இணைத்தபின் ஏர்ப்ளேன் மோடில் போடுங்கள். என் கணிப்பில், துல்லியம் தேவைப்படும் ரேபிட் ஃபயர் பயிற்சிக்கு ஆப் ஏற்றதல்ல. வீட்டில் வெறும் டிரிகர் பயிற்சி செய்ய அது போதும்.

இத்தனையும் பார்த்தபின், மைக் துளையருகே பலகையை அடித்தாலும் டைமர் பதிவு செய்யவில்லை என்றால் மைக் போய்விட்டது. பல மாடல்களில் உள்ளிருப்பது சாதாரண எலக்ட்ரெட் மைக்தான். வாரண்டி முடிந்திருந்தால், மொபைல் சர்வீஸ் கடையில் சால்டரிங் நன்றாகத் தெரிந்த ஒருவரே அதை மாற்றித் தந்துவிடுவார், உள்ளூரில் மைக் கிடைக்காவிட்டால் ஓசூரிலிருந்து 40 கி.மீ. தொலைவில் உள்ள பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் கிடைக்கும். மாற்றிய மைக்கின் திறன் பழையதைப் போலவே இருக்காது என்பதால் இரண்டு எல்லைகளையும் மறுபடி கண்டுபிடித்து, லேன் எண், துப்பாக்கி வகை, சென்சிட்டிவிட்டி, எதிரொலித் தடுப்பு ஆகியவற்றை ஒரு துண்டுத் தாளில் எழுதி, மைக் துளையை மறைக்காமல், டைமரின் முதுகில் செல்லோ டேப்பால் ஒட்டிவையுங்கள்.