ஹோட்டல் லாபியில் உட்காரும் முன் ஒரு கேள்வி

தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் பெரிய ஹோட்டலின் லாபி ரெஸ்டாரண்டில் சாப்பிட நினைத்தால், நாற்காலியை இழுக்கும் முன்பே "ஜிஎஸ்டி அஞ்சா, பதினெட்டா?" என்று கேட்டுவிடுங்கள்.

முந்தைய நிதியாண்டில் ஒரே ஒரு அறையாவது நாளுக்கு ₹7,500-க்கு மேல் போயிருந்தால், அந்த ஹோட்டலுக்குள் இருக்கும் ரெஸ்டாரண்டில் 18% வரி. நீங்கள் அங்கே தங்காவிட்டாலும்தான். 1.4.2025 முதல் இதுதான் கணக்கு. வெளியே அறைகள் இல்லாத சாதாரண ஏசி சாப்பாட்டுக் கடையில் 5%. மெனுவில் ₹1,000 என்றால் வெளியே ₹1,050, லாபியில் ₹1,180. சர்வீஸ் சார்ஜ் 10% சேர்த்தால் அதற்கும் வரி ஏறி ₹1,298 ஆகிவிடும். மெனுவின் கடைசிப் பக்கத்தில், அடியில், பொடி எழுத்தில் 'வரிகள் தனி' என்று இருக்கும். யார் அதுவரை படிக்கிறார்கள்! சர்வீஸ் சார்ஜ் கட்டாயமில்லை, எடுக்கச் சொல்லலாம். ஜிஎஸ்டியை எடுக்க முடியாது.

அறை வாடகையிலேயே காலை டிபன் சேர்ந்திருந்தால் இதெல்லாம் வேண்டாம். வெறும் காபி என்றாலும் கேட்க வேண்டாம், வரியில் கூடும் தொகை பெரிதில்லை (காபி விலையே வேறு சங்கதி). அப்புறம், மதியம் கோயில் நடை சாத்தி நாலு மணிக்குத்தான் திறப்பார்கள், கூடவே வயதானவர்கள், வெளியே சித்திரை வெயில் என்றால் கணக்குப் பார்க்காமல் உள்ளே போய்விடுங்கள். ஏசி, சுத்தமான கழிவறை, யாரும் எழுப்பாத சோபா எல்லாம் அந்தக் காசில் சேர்த்திதான்.