டென்மார்க்குக்குச் சாப்பிடப் போகிறவர்களுக்கு, மாயவரத்திலிருந்து

டென்மார்க்குக்கு டிக்கெட் போட்டவுடனே கோபன்ஹேகனில் எந்த ஹோட்டலில் சாப்பிடலாம் என்று தேட ஆரம்பித்துவிடாதீர்கள். முதலில் எந்த மாதம் போகிறீர்கள் என்று பாருங்கள். நம் பக்கம் வருகிறவரிடம் பனங்கிழங்கு வேண்டுமென்றால் தையில் வா, நுங்கு வேண்டுமென்றால் சித்திரையில் வா என்போம் இல்லையா, அங்கேயும் அதே கணக்குதான். புது உருளைக்கிழங்கும் ஸ்ட்ராபெர்ரியும் ஜூனில், கடல் சிப்பி குளிர்காலத்தில். மாதம் முடிவானால் எந்தத் தீவுக்குப் போவது என்பது தானாக முடிவாகிவிடும்.

நான் போனது ஜூன் கடைசியில். அக்கா மகன் ஆர்ஹஸில் இருக்கிறான். அங்கிருந்து ஹோ என்ற சின்னத் துறைக்குப் போய்க் கப்பல் ஏறினால் ஒரு மணி நேரத்தில் சாம்ஸோ தீவு. டென்மார்க்கில் புதுக் கிழங்கு என்றாலே சாம்ஸோவைத்தான் சொல்வார்கள். ரோட்டோரம் ஒரு மரப்பெட்டி, அதற்குள் மண் ஒட்டியபடி பை பையாகக் கிழங்கு, விலை எழுதிய அட்டை, உண்டியல் மாதிரி ஒரு டப்பா. ஆள் யாரும் கிடையாது. எங்களிடம் கார்டு மட்டும்தான் இருந்தது, அவனும் போனை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தான், பெட்டியைப் பார்த்தபடி நின்றுவிட்டுத் திரும்பினோம். அங்கே போன் வழியாகப் பணம் கட்டும் ஆப் உள்ளூர்க் கணக்கு வைத்திருப்பவர்களுக்குத்தான் சரிப்படும், அதனால் 10, 20 குரோனர் நாணயங்களைப் பையில் சேர்த்து வையுங்கள். மறுநாள் சில்லறையோடு போய் வாங்கினோம். கட்டைவிரலால் தேய்த்தாலே தோல் வந்துவிடுகிறது. உப்புப் போட்டு வேகவைத்து வெண்ணெயில் புரட்டினால் போதும், மசாலாவைத் தேடத் தோன்றாது. இதற்காகவே சமையலறை உள்ள வீடாகப் பார்த்து வாடகைக்கு எடுங்கள்.

சைவக்காரர்களுக்கும் இந்தக் கிழங்குதான் துணை. ரை என்ற தானியத்தின் மாவில் செய்த, கம்பு மாதிரிக் கறுத்த ரொட்டியில் வெண்ணெய் தடவி, மேலே எதையாவது அடுக்கி, கத்தி முள்கரண்டியால் சாப்பிடுவதுதான் ஸ்மோர்ப்ரோ. கிழங்கு வில்லைகளை அடுக்கி வறுத்த வெங்காயம் தூவியதும் உண்டு, ஆனால் மயோனைஸ் இருக்கும், முட்டை ஆகாதவர்கள் முன்பே சொல்லிவிடுங்கள். பன்றிக்கறி எங்கும் இருக்கும், அந்த நாட்டில் மனிதர்களைவிடப் பன்றிகள்தான் அதிகம். ரொட்டியின் புளிப்பு முதல் நாள் எனக்குப் பிடிக்கவில்லை. பழையதின் புளிப்புக்குப் பழகிய நாக்கு, மூன்றாம் நாள் அதையே கேட்டது.

உப்புக்கு லேஸோ தீவு. பிரெடெரிக்ஸ்ஹாவனிலிருந்து ஒன்றரை மணி நேரக் கப்பல். வேதாரண்யத்தில் பாத்தி கட்டி வெயிலில் விடுகிறோம், அங்கே அந்த வெயில் ஏது? மண்ணுக்கடியில் ஊறுகிற உவர்நீரை எடுத்து, குடிசைக்குள் பெரிய இரும்புத் தட்டில் விறகு எரித்துக் காய்ச்சுகிறார்கள். இப்படிக் காய்ச்சியே தீவின் காடு காலியாகி, 1652-இல் தொழிலுக்குத் தடை வந்தது. 1990-களில் மறுபடி தொடங்கினார்கள். உள்ளே போய்ப் பார்க்கலாம், புகையும் ஆவியுமாகக் கண் எரியும். காய்ச்சிய உப்பைக் கூடையில் அள்ளி வடியவிட்டிருப்பார்கள். என்னைக் கேட்டால் ஒரே ஒரு தீவுக்குத்தான் நேரம் என்றால் இதற்குப் போங்கள்.

மீனுக்கு போர்ன்ஹோம். கோபன்ஹேகனிலிருந்து ஸ்வீடனின் இஸ்டாட் வரை ரயில், அங்கிருந்து ஏறக்குறைய 80 நிமிடம் கப்பல். வெள்ளையடித்த உயரமான புகைபோக்கி தெரிந்தால் அது புகைமீன் கூடம். ஆல்டர் மர விறகில் புகை போட்ட ஹெர்ரிங் மீன் பொன்னிறமாக இருக்கும். கருவாடு தின்று வளர்ந்த நாகைக்காரருக்கு வாசனை சட்டென்று பிடித்துவிடும், ஆனால் இது காய்ந்து விறைத்த மீன் இல்லை, தோலை உரித்தால் உள்ளே ஈரமும் எண்ணெயுமாக இருக்கும். ரொட்டிமேல் அந்த மீன், முள்ளங்கி, நடுவில் வேகாத முட்டை மஞ்சள்கரு, இதற்குப் பெயர் ‘குத்யெம் மேல் சூரியன்’. குத்யெம் அங்குள்ள ஊர். பச்சைக்கரு ஆகாதென்றால் வேண்டாம் என்று சொல்லிவிடலாம், நான் சொன்னேன்.

குளிர்காலத்தில் போகிறவர்கள் மேற்குக் கரையில் வற்றுநேரத்தில் சேற்றில் நடந்து சிப்பி பொறுக்கலாம். முத்துப்பேட்டைச் சேற்றில் நடந்த அனுபவம் இருந்தாலும் வழிகாட்டி இல்லாமல் இறங்காதீர்கள், கடல் ஏறுகிற வேகம் தெரியாது.

கும்பகோணத்துக்காரர்கள் தெற்கு ஜட்லாந்தை விடக்கூடாது. 1864 போரில் டென்மார்க் தோற்றதால், 1920 வரை ஜெர்மானியர் கையில் இருந்த பகுதி. டேனிஷ் பக்கம் நின்றவர்கள் கூடும் மண்டபங்களுக்கு மது உரிமம் கிடைக்கவில்லை, சரி காபியாவது குடிப்போம் என்று கேக்குகளை அடுக்கினார்கள். முறைப்படி என்றால் மெத்தென்று ஏழு, மொறுமொறுவென்று ஏழு, பார்க்கச் சீர்வரிசைத் தட்டு மாதிரி இருக்கும். மெத்தென்றதில் தொடங்கி மெதுவாகப் போங்கள். காபி மட்டும் நம் டிகிரி காபியை நினைத்துக் குடிக்காதீர்கள். மிளகுக்காக 1620-இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கி, 1845-இல் அதை ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனவர்கள் இவர்கள், பலகாரத்தில் அடிக்கடி ஏலக்காய் மணக்கும்போது அந்த ஞாபகம் வந்தது.

வெயில் காலத்தில் எங்கும் கோல்ஸ்கோல் கிடைக்கும். மோரில் சர்க்கரை, எலுமிச்சை, வெனிலா, முட்டைக்கரு அடித்துச் சேர்த்து, மேலே குட்டி பிஸ்கட்டை நொறுக்கிப் போடுவார்கள். போனில் சொன்னபோது அம்மா, “மோருல சர்க்கரையா? உடம்புக்கு ஏதும் ஆயிடப் போவுதுடா” என்றார்.

போகும்போது பெட்டியில் நெய் வைக்காதீர்கள், வெளியிலிருந்து பால்பொருளும் இறைச்சியும் கொண்டுபோக ஐரோப்பிய ஒன்றியத்தில் அனுமதி இல்லை. பருப்புப் பொடி போதும், அங்கத்திய வெண்ணெயோடு சோற்றில் பிசைந்தால் நன்றாகவே இருக்கும். வரும்போது லேஸோ உப்பில் சின்னப் பையாக ஒன்று வாங்கி வாருங்கள். நான் வாங்கி வந்ததை அம்மா விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, மாவடு ஜாடிக்கு ஆகும் என்று எடுத்து வைத்துக்கொண்டார்.