தூக்கா, நெரிப்பா: கழுத்துத் தடத்தை எடைபோடுவது

தூக்கில் தொங்கும் உடலருகே கடிதம் கிடைத்தாலும், கதவு உள்ளே தாழிட்டிருந்தாலும், தற்கொலை என்று முன்முடிவு கட்டாதீர்கள்.

முடிச்சை அவிழ்க்கவே கூடாது. அதற்கு எதிர்ப்புறத்தில் கயிற்றை வெட்டி, இரு முனைகளையும் நூலால் கட்டி அடையாளமிடுங்கள். கைகளைக் காகிதப் பையால் மூடுங்கள். பிளாஸ்டிக்கில் ஈரம் தங்கி நகத்தடித் தடயம் கெடும்.

தூக்கில் தடம் பெரும்பாலும் குரல்வளைக்கு மேலே சாய்வாக ஓடி, முடிச்சருகே விட்டுப்போகும். கயிற்றால் நெரித்திருந்தால் தாழ்வாக, கிடையாக, கழுத்தை முழுக்கச் சுற்றும். ஆனால் பிணத்தைத் தூக்கிக் கட்டினாலும் சாய்ந்த தடம் விழும். அதனால்தான் ரத்தத் தேக்கக் கறை, அதாவது இறந்தபின் ரத்தம் உடலின் தாழ்ந்த பகுதிகளில் தேங்கித் தோலில் காட்டும் நிறம், முக்கியம். தொங்கிய உடலில் அது கால்களிலும் முன்கைகளிலும் இறங்கும். முதுகில் நிலைத்திருந்தால், தொங்கவிடும் முன் உடல் பல மணி நேரம் மல்லாந்து கிடந்திருக்கிறது; கறை இடம் மாறாமல் நிலைக்க ஏறத்தாழ 8 முதல் 12 மணி நேரம் ஆகும்.

பிரேதப் பரிசோதனையில் வரிசை தவறினால் எல்லாம் போச்சு. மண்டையையும் மார்பையும் முதலில் திறந்து ரத்தம் வடிந்த பிறகே கழுத்தை அடுக்கடுக்காகப் பிரிக்க வேண்டும். அவசரப்பட்டால் கசிந்த ரத்தம் தசையில் ஊறி, நெரித்த காயம்போலவே தெரியும். ஒரு நிரபராதி சிறைக்குப் போகலாம். நாவடி எலும்பு (நாக்கின் அடியில், கழுத்தில் உள்ள சிறு எலும்பு) முறிவும் தனியாக எதையும் நிரூபிக்காது. வயது கூடக்கூட, தூக்கிலும் அது முறியும்.