மூன்றடுக்குத் தட்டை எங்கே தொடங்குவது?

மகள் சிங்கப்பூரில் இருப்பதால், தர்மபுரியிலிருந்து போன எங்களுக்கு ராஃபிள்ஸ் ஹோட்டலில் மாலை டீ அமைந்தது. 1887-இல் தொடங்கிய ஹோட்டல். எழுத்தாளர் சாமர்செட் மாம் தங்கிய இடம். டீயோடு சாண்ட்விச், கேக் எல்லாம் அடுக்கிய மூன்றடுக்குத் தட்டு வந்ததும் கை நேராகக் கேக்குக்குத்தான் போகும். போக விடாதீர்கள். முதலில் சாண்ட்விச், அப்புறம் ஸ்கோன் என்கிற குட்டி பன், கடைசியில் இனிப்பு. இனிப்பைத் தொட்டுவிட்டால் சாண்ட்விச் சப்பென்று ஆகிவிடும். ஸ்கோனைக் கத்தியால் அறுக்காமல், சூடு ஆறுவதற்குள் கையாலேயே குறுக்கே இரண்டாகப் பிட்டு, ஜாமும் க்ரீமும் வைத்துச் சாப்பிடுங்கள். பிட்ட இடம் சொரசொரப்பாக இருப்பதால் ஜாம் வழுக்காது. சைவம் என்றால் முன்பதிவின்போதே சொல்லிவிடுங்கள்; சாண்ட்விச்சில் மீன், கோழி வைப்பது வழக்கம். அன்று மதியச் சாப்பாடு அரை வயிறு போதும். வீட்டில் செய்வதென்றால் ஜாமுக்கு நம்ம கிருஷ்ணகிரி பெங்களூரா மாம்பழமே நன்றாக இருக்கிறது.